வாங்கில் வைத்துக் கேட்ட கேள்விகள்

ஜெசிதா மிஸ்ஸுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அவரையே கேட்டாலும் மறைக்கமாட்டார். "கோவம் வராட்டில் உந்த வேலையைச் செய்யேலாது. வேணுமெண்டால் நீங்கள் ஒருநாள் செய்து பாருங்கோ" என்பார்.

பண்டத்தரிப்பில் தச்சுவேலை செய்த சிமியோனின் மூன்றாவது மகள். இருபத்தொரு வருடங்களாகக் குடும்பநல உத்தியோகத்தர் வேலை. அதில் பதினான்கு வருடங்கள் வடகரையில் ஒரே ஒரு மீன்பிடிக் கிராமத்தில் கழிந்துவிட்டன. அங்கே இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரை முதன்முதலில் தராசில் தூக்கி வைத்தவர் அவர்தான். வெள்ளைச் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டியில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிடுவார். ஒருமுறை ஹெல்மெட்டோடேயே ஒரு கைக்குழந்தையைக் குனிந்து பார்த்துவிட்டு, அது ஏன் இப்படி வீரிட்டுக் கத்துகிறது என்று தாயைப் பேசினாராம்.

கிளினிக் நடக்கிற நாளில் சங்க மண்டபத்துக்குள் வலையைப் பரப்பி வைத்திருந்த கடற்றொழிலாளர் சங்கத் தலைவரை அவர் கேட்ட கேள்வி இன்னும் ஊரில் உலாவுகிறது. "தலைவர், நான் இண்டைக்கு ஆருக்கு ஊசி போடவேணும், பிள்ளையளுக்கோ உங்கடை வலைக்கோ?" தலைவர் மறுபேச்சில்லாமல் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அந்த மண்டபத்துக்குள் ஒரு கயிறுகூடக் கிடப்பதில்லை.

இப்படி ஊரையே வாயால் ஆட்டிவைத்த மனுசி, வாய் திறக்கவேண்டிய ஒரு இடத்தில் திறக்காமல் விட்டார். பிறகு அதற்காக அவர் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

கிளினிக் எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லவேண்டும். மண்டபத்தில் சுவரோரமாக ஒரு நீள வாங்கு. அதில் தாய்மார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து இருப்பார்கள். எதிரே இரண்டு முழத் தூரத்தில் மிஸ்ஸின் மேசை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிளினிக் கொப்பி உண்டு, ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. நிறை, உயரம், ஊசி எல்லாம் அதில்தான் எழுதுவது. இன்ன வயதில் பிள்ளை இன்னது செய்யவேண்டும் என்றும் அதில் ஒரு பக்கம் இருக்கிறது. மிஸ் கேட்பார், தாய் சொல்வாள், மிஸ் சரி போடுவார்.

பெயர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதோ? ஓம். விரலால் காட்டிக் கேட்கிறதோ? ஓம். சொல்லுச் சொல்கிறதோ? ஓம், ஓம்.

எல்லாத் தாய்மாரும் ஓம்தான். ஓம் சொல்லாமல் என்ன செய்வார்கள்? இடப்பக்கம் மச்சாள், வலப்பக்கம் அயல்வீட்டுக்காரி, மற்ற நுனியில் மாமியாரின் தங்கச்சி. அந்த வாங்கில் இருந்துகொண்டு ஒருத்தி "இல்லை" என்று சொன்னால், அவள் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிடும். அன்று பின்னேரமே "அவளின்ரை பிள்ளைக்கு ஏதோ குறையாம்" என்று கிணற்றடியில் கதை நடக்கும். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளையின் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசும்போதும் அது எழும்பி வரும். சனத்தின் வாய்க்கு முன்னால் இருத்தி வைத்துக் கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை மையால் எழுதிச் சுகாதாரப் பணிமனைக்கு அனுப்பி, எங்கள் பகுதியில் பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டுவது. இதைவிட மடைத்தனம் வேறு இருக்கிறதோ தெரியாது.

ஆரபி அந்த வாங்குக்கு வந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. அளவெட்டிப் பெண். சுன்னாகத்தில் கொம்பியூட்டர் படிக்கப் போன இடத்தில் அருட்செல்வனைக் கண்டு, வீட்டுக்காரர் இரு பக்கமும் குதிக்கக் குதிக்கக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தவள். வந்த புதிதில் மீன் வெட்டத் தெரியாமல் விரலை வெட்டிக்கொண்டதை அயலட்டை மாதக்கணக்கில் சொல்லிச் சிரித்தது. அருட்செல்வனைத் தாய் இறந்தபின் வளர்த்து ஆளாக்கியவர் மூத்த அக்கா தங்கமுத்து. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் வேலி கிடையாது. தங்கமுத்து கெட்டவர் என்று யாரும் நினைக்கவேண்டாம். அவருக்குத் தம்பி என்றால் உயிர், தம்பியின் பிள்ளை என்றால் அதற்கு மேல். ஆனால் வெளியூர்க்காரி ஒருத்தி தன் கையிலிருந்து இரண்டையும் வாங்கிக்கொண்டாள் என்ற எரிச்சல் அவருக்குள் தணல் மாதிரிக் கிடந்தது.

யதுசனுக்கு ஒன்றரை வயதாகியிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆரபிக்குப் பக்கத்தில் தங்கமுத்து இருந்தார். பிள்ளை நிலத்தில் இருந்து ஒரு போத்தல் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். சுழலும், விழும், திரும்பச் சுழற்றுவான். தங்கமுத்து "யது, யது" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்னால் யாரோ தகரப் பேணியைத் தடாரென்று விழுத்தினார்கள். அதற்கு உடனே திரும்பினான். காது கேட்கிறது. ஆனால் பெயருக்கு அவன் திரும்பவில்லை.

ஜெசிதா இதைக் கண்டார். நன்றாகவே கண்டார்.

"பேர் கூப்பிட்டால் திரும்பிப் பாக்கிறானோ?"

ஆரபி ஒரு கணம் மச்சாளைப் பார்த்தாள். "ஓம் மிஸ்."

"சொல்லுச் சொல்லுறானோ?"

"ஓம். அம்மா, அப்பா எண்டுவான்."

"எங்கடை தம்பியும் மூண்டு வயதிலைதான் வாய் திறந்தவன். ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம். நீங்கள் போடுங்கோ மிஸ்" என்றார் தங்கமுத்து.

வாங்கில் இன்னும் இருபது பேர் இருந்தார்கள். வெக்கை மண்டையைப் பிளந்தது. ஜெசிதாவின் பேனை நின்றது, பிறகு சரி போட்டது. இரண்டு வயதுக் கிளினிக்கிலும் அதே மாதிரிக் கேள்வி, அதே ஓம், அதே சரி. அந்த முறை அவர் பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுத முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

யதுசனுக்கு மூன்று வயது முடிந்தபோது, ஒருநாள் காலை ஆரபி சந்தியில் நின்று ஸ்கூட்டியை மறித்தாள். யாரும் பார்க்கிறார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மிஸ், நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அவன் ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஒருநாளும் சொன்னதில்லை. என்ரை முகத்தைக்கூடப் பாக்கிறானில்லை. பக்கத்திலை ஒரு பிள்ளை வந்தால் எழும்பிப் போய்ச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறான்."

தான் கண்டதை ஜெசிதா அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரி பிள்ளை, அழாதை, இனிச் செய்யவேண்டியதைப் பாப்பம்" என்று பெரிய மனுசியாகத் தோளில் தட்டிவிட்டு, அன்றைக்கே கடிதம் எழுதி ரவுண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கூடவே போனார்.

அங்கே பேச்சுச் சிகிச்சை செய்கிற பெண் முப்பது வயதும் ஆகாதவர். நிலத்தில் பாய் போட்டு ஒரு மணித்தியாலம் யதுசனோடு இருந்தார். அவர் சொன்னது நேரான கதை. "பேச்சும் பிந்தியிருக்கு, ஆக்களோடை பழகிறதும் பிந்தியிருக்கு. இப்ப உதுக்கொரு பேர் வைக்க அவசரமில்லை. வேலையைத் தொடங்குவம். பிள்ளைக்குப் போன் காட்டுறதை நிப்பாட்டுங்கோ. ஆனால் போன்தான் இதைச் செய்தது எண்டு நினையாதேங்கோ அம்மா, உங்களிலை பிழையில்லை." எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார். "ஒண்டரை வயதிலை கொண்டுவந்திருந்தால் இன்னும் நல்லாயிருந்திருக்கும்."

ஆரபி தலையைக் குனிந்தாள். ஜெசிதா அவளைப் பார்க்காமல் பிள்ளையின் செருப்பைத் தேடினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் ஜெசிதா அந்த வீட்டுக்குப் போனார். வேலை கேட்கச் சின்னதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும். பிள்ளையின் முகத்துக்கு நேரே நிலத்தில் இருக்கவேண்டும். பத்து வசனம் பேசாமல் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும். பிஸ்கட்டைப் பாதி கொடுத்துவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் ஏதாவது ஒரு வழியில் கேட்கும் வரைக்கும், மனதுக்குள் பத்து எண்ணிப் பொறுக்கவேண்டும். கை நீட்டினாலும் கேட்டதுதான், கண்ணைப் பார்த்தாலும் கேட்டதுதான். உடனே கொடுக்கவேண்டும், அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

பத்து எண்ணுவது இருக்கிறதே, அது எங்கள் சனத்துக்குப் பெரிய தண்டனை. பிள்ளை முகம் சுருங்க முதல் பால், கை நீள முதல் பழம், இதுதான் எங்களுக்கு அன்பு. ஆரபி பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு, ஏழு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது தங்கமுத்து அந்தப் பக்கத்தால் வந்து, "பாவம், பிள்ளையை ஏன் வதைக்கிறாய்" என்று முழுப் பிஸ்கட்டையும் அவன் வாயில் வைத்துவிட்டுப் போய்விடுவார். போனை நிறுத்திய முதல் மூன்று வாரமும் யதுசன் தலையை நிலத்தில் அடித்து அடித்துக் கத்தினான். தன் கையையே கடித்தான். சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டது. பிள்ளையைத் தாய் என்ன செய்கிறாள் என்று ஊர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது.

எட்டாவது வாரம், தைப்பொங்கல் கழிந்த கையோடு, காற்றில் இரைகிற விண் நார் பூட்டிய பட்டம் ஒன்று வளவுக்கு மேலே கூவிக்கொண்டு நின்றது. யதுசன் ஆரபியின் மடியில் இருந்து அண்ணாந்து பார்த்தான். பிறகு தன் கையால் தாயின் நாடியைப் பிடித்து, அவள் முகத்தை வானத்தின் பக்கம் திருப்பினான். திருப்பிவிட்டு அவள் பார்க்கிறாளா என்று அவள் கண்ணைப் பார்த்தான்.

அவனுக்கு அந்தப் பட்டம் வேண்டியிருக்கவில்லை. தான் கண்டதை அம்மாவும் காணவேண்டும், அவ்வளவுதான் அவனுடைய தேவை. மூன்றேகால் வருடத்தில் அவன் முதன்முதலாக ஒரு ஆளைத் தன் உலகத்துக்குள் கூப்பிட்டிருக்கிறான். "பட்டம்" என்றாள் ஆரபி. ஜெசிதா எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். இரண்டு பேருக்கும் அந்த வெள்ளிக்கிழமை பெருநாள் மாதிரி இருந்தது.

தங்கமுத்து கண்டது வேறு. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தலையில் வீக்கமும் கையில் பல்லடையாளமும்தான். போதாக்குறைக்கு, அலுமாரிக்குள் இருந்த நீலக் கொப்பி அவர் கையில் அகப்பட்டுவிட்டது. கடலுக்குப் போய்த் திரும்பி வந்த தம்பியை இருத்தி வைத்து அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"இந்தா பார். ஒண்டரை வயதிலை கதைச்சது எண்டு கிடக்கு. ரெண்டு வயதிலை ரெண்டு சொல்லுச் சேத்துக் கதைச்சதாம். மிஸ்ஸின்ரை கையெழுத்து. இப்ப ஒண்டும் கதைக்கேல்லை. அப்ப நடுவிலை கெடுத்தது ஆர்? உவள் போனைக் குடுத்துக் கெடுத்தவள். இப்ப போனைப் பறிச்சுக் கொல்லுறாள்."

"ஆஸ்பத்திரியிலை போனாலை இல்லையெண்டவையாம் அக்கா."

"அவை ஆயிரம் சொல்லுவினம். இது எழுதிக் கிடக்கே."

அருட்செல்வன் அதிகம் பேசாதவன். நடுக்கடலில் எஞ்சின் நின்றாலும் பதறமாட்டான். ஆனால் எழுத்தில் கிடந்தால் அவனுக்கு அது முடிந்த முடிவு. அக்காவும் தம்பியும் கதைத்துத் தீர்மானித்தார்கள். பிள்ளை இனி அக்காவின் வீட்டில் வளரட்டும், ஆஸ்பத்திரியும் வேண்டாம், வெள்ளிக்கிழமையும் வேண்டாம். ஆரபி ஆவணி வரைக்கும் அளவெட்டியில் போய்த் தாய் வீட்டில் நிற்கட்டும். ஆவணி வரைக்கும் என்பது வாய்க்குச் சொன்னது. போனவளைத் திருப்பி எடுக்கிற எண்ணம் தங்கமுத்துவுக்கு இல்லை என்று வளவுக் கோழிக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆரபி போன் எடுத்தாள். குரல் ஒரேயடியாக அடங்கிப்போயிருந்தது.

"புதன்கிழமை அப்பா ஓட்டோவோடை வாறார் மிஸ், என்னைக் கூட்டிக்கொண்டு போக. பிள்ளையை விடமாட்டினமாம். கொப்பியிலை கிடக்கிறது பொய்யெண்டு சொன்னால், அண்டைக்கு நீயேன் ஓமெண்டனி எண்டு கேப்பினம், நான் பொய்க்காரி. சொல்லாட்டில் பிள்ளையைக் கெடுத்தவள். என்னத்தைச் சொல்ல?"

"நீ ஒண்டும் சொல்லாதை. செவ்வாய்க்கிழமை பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவா. உன்ரை மனுசனையும் வரச்சொல்லு" என்றார் ஜெசிதா.

திங்கட்கிழமை அவர் பணிமனைக்குப் போய், தனக்கு மேலே இருக்கிற லவீனா மிஸ்ஸிடம் விசயத்தைச் சொன்னார். லவீனா நல்ல மனுசி, நல்ல மூளை, ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"ஜெசிதா, கொப்பியிலை கை வையாதையும். தாய் சொன்னா, நீர் எழுதினீர். பிழை தாயிலை."

"தாய் சொன்னதுதான். ஆனால் பிள்ளையைப் பாத்தது நான். பேருக்குத் திரும்பாததைக் கண்டுபோட்டுத்தான் சரி போட்டனான்."

"அது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும், அது போதாதோ?"

"நீர் ஒண்டைத் திறந்தால் எல்லாக் கொப்பியையும் திறக்கச் சொல்லுவினம். எங்கடை பகுதியிலை எல்லாரும் உப்பிடித்தான் எழுதுறது. விசாரணை எண்டு வந்தால் உமக்குத்தான் முதல் அடி. இருபத்தொரு வருச சேவை. யோசியும்."

"யோசிச்சுத்தான் வந்தனான், மிஸ். எல்லாக் கொப்பியையும் திறக்கட்டும், நல்லது. உங்களிட்டை உத்தரவு கேக்க வரேல்லை, சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்" என்று எழும்பிவிட்டார். படியிறங்கும்போது அவர் கைப்பிடிச் சுவரை விடவில்லை. பயம்தான். ஸ்கூட்டியை இரண்டு தரம் உதைத்தும் எடுபடவில்லை, மூன்றாம் தரம் எடுபட்டது.

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஆரபி பிள்ளையோடு வாங்கின் ஒரு நுனியில் இருந்தாள். பக்கத்தில் தங்கமுத்து, மடியில் நீலக் கொப்பி, ஏதோ நீதிமன்றத்துக்குச் சாட்சி கொண்டுவந்தவர் போல. அருட்செல்வன் வாசலில் சாய்ந்து நின்றான். ஜெசிதா மற்றப் பிள்ளைகளை நிறுக்கவில்லை. நேரே போய்த் தங்கமுத்துவிடம் கையை நீட்டினார்.

"அக்கா, அந்தக் கொப்பியைத் தாங்கோ."

வாங்கிக்கொண்டு மேசையில் இருக்காமல், எல்லாருக்கும் நடுவில் நின்று அந்தப் பக்கத்தை விரித்தார். சிவப்புப் பேனையால் ஒன்றரை வயதுச் சரியை வெட்டினார். இரண்டு வயதுச் சரியையும் வெட்டினார். பக்கத்தில் "பிழையான பதிவு" என்று எழுதித் திகதி போட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"எல்லாரும் கேளுங்கோ. இந்தப் பிள்ளை ஒண்டரை வயதிலையும் கதைக்கேல்லை, ரெண்டு வயதிலையும் கதைக்கேல்லை. போன் தொடக்கினதுமில்லை, தாய் கெடுத்ததுமில்லை. இதிலை கிடந்த எழுத்துப் பொய். எழுதினது நான்."

 தங்கமுத்துதான் முதலில் வாயைத் திறந்தார்.

"உவள் ஓமெண்டு சொன்னபடியாலைதானே எழுதினனீங்கள்?"

"இவ்வளவு பேரையும் சுத்தவர இருத்திப்போட்டுக் கேட்டால் ஆர் இல்லையெண்டுவா? நீங்கள் சொல்லுவீங்களோ அக்கா? இந்த வாங்கிலை இருக்கிற ஒரு ஆள் சொல்லுவியளோ? அப்பிடிக் கேட்டது என்ரை பிழை. ஆனால் அது மட்டுமில்லை." இந்த இடத்தில் அவருடைய குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை. "அண்டைக்கு நீங்கள் அவனை ரெண்டு தரம் கூப்பிட்டியள். அவன் திரும்பேல்லை. நான் கண்டனான். கண்டுபோட்டுத்தான் சரி போட்டனான்."

ஆரபி எழும்பினாள்.

"கண்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை."

"அண்டைக்கே கண்டனீங்களோ?"

"அண்டைக்கே."

"சந்தியிலை நான் அழுதுகொண்டு நிக்கேக்கையும் சொல்லேல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து என்ரை வீட்டுப் பாயிலை இருந்தனீங்கள், அப்பவும் சொல்லேல்லை. ஆஸ்பத்திரியிலை பேச்சுப் பழக்கிறவ சொல்லேக்கை, நான் கொண்டுவராமல் விட்டதெண்டு நினைச்சு எத்தினை நாள் சாப்பிடாமல் கிடந்தனான், தெரியுமோ உங்களுக்கு?"

 ஜெசிதா தலையைக் குனியவில்லை. குனிந்தால் தப்பியோடியது மாதிரி என்று நினைத்து, ஆரபியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாத்தியோ, நான் சொன்னனான், உந்த மிஸ்ஸை வீட்டுக்குள்ளை விடாதை எண்டு" என்று தங்கமுத்து தொடங்கினார்.

"மச்சாள், நீங்கள் சும்மா இருங்கோ."

நாலு வருடத்தில் ஆரபி அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.  ஆரபி வாசல் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ. எழுத்திலை கிடக்கு, எழுத்திலை கிடக்கு எண்டியள். இப்ப எழுத்து மாறிப்போச்சு, போய்ப் பாருங்கோ. நான் அளவெட்டிக்குப் போகமாட்டன். என்ரை பிள்ளையும் ஒரு வீட்டுக்கும் போகமாட்டான். ஆருக்காவது சரிவராட்டில் அவை வேலியைப் போடட்டும்."

அருட்செல்வன் மெதுவாக நடந்து வந்தான். கொப்பியை வாங்கி, சிவப்புக் கோட்டையும் கையெழுத்தையும் நெடுநேரம் பார்த்தான். பிறகு யதுசனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நட, வீட்டை போவம்" என்றான் மனைவியிடம். அக்காவைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை ஆரபியின் தகப்பன் ஓட்டோவில் வந்தார். இரண்டு பை நண்டோடு, வந்த வழியே திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை ஜெசிதாவுக்குப் பணிமனையில் இருந்து கடிதம் வந்தது, பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் கேட்டு. அவர் அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். கண்டும் சரி போட்டேன் என்று ஒரு வரி. இப்படிப்பட்ட கேள்விகளை இனி ஒரு தாயையும் வாங்கில் வைத்துக் கேட்கமாட்டேன், வீடு வீடாகப் போய்த் தனியாகக் கேட்பேன், அதற்கு நேரம் போதாவிட்டால் மற்றப் படிவங்கள் பிந்தும், பிந்தினால் பிந்தட்டும் என்று இன்னொரு வரி. லவீனா மிஸ் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கடைசி வசனத்தை எடுத்துவிடும்" என்றார். ஜெசிதா எடுக்கவில்லை.

கிளினிக் முடிந்து மூன்று நாளைக்குள் ஊரிலிருந்து நாலு தாய்மார் அவருக்குப் போன் எடுத்தார்கள். ஒருத்தியும் பெயர் சொல்லித் தொடங்கவில்லை. "மிஸ், எங்கடை வீட்டுப் பக்கமும் ஒருக்கால் வாங்கோவன், பத்து மணிக்குப் பிறகு, ஆக்கள் இல்லாத நேரம்" என்றார்கள். நாலு வீட்டுக்கும் போனார். மூன்று கொப்பியில் சரி வெட்டவேண்டி இருந்தது. அதில் ஒன்றில் அவரே எழுதி இன்னும் ஒரு வருடமும் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. போவதா, விடுவதா என்று சந்தியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு யோசித்தார். வராதே என்று அவர்கள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே படலையைச் சாத்தினால் அதையும் வாங்கிக்கொண்டு வருவோம் என்று போனார்.

ஆரபி படலையைத் திறந்தாள். வாங்கோ என்று சொல்லவில்லை. தேத்தண்ணி வேண்டுமோ என்றும் கேட்கவில்லை. வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுக்காத வீடு அந்த ஊரிலேயே கிடையாது. அந்தப் பக்க வீட்டு வாசலில் தங்கமுத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. முற்றத்தில் பாய் விரித்துக் கிடந்தது. யதுசன் அதன் நடுவில் இருந்தான்.

"பிள்ளை, நான் உன்னட்டை..." என்று ஜெசிதா தொடங்கினார்.

"அது வேண்டாம் மிஸ்." ஆரபியின் குரலில் கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது, இரண்டையும் அவள் விழுங்கவில்லை. "ஒண்டரை வருசம் போயிட்டுது. அதை உங்களாலை திருப்பித் தரேலாது. மன்னிச்சுப்போட்டன் எண்டு நான் சொல்லமாட்டன், எனக்கு மனம் வரேல்லை. ஆனால் வாற கிழமையும் வாங்கோ. அதுக்கடுத்த கிழமையும் வாங்கோ. இவன் பள்ளிக்கூடம் போய் ஒரு பிள்ளையோடை சேந்து விளையாடுறதை நான் என்ரை கண்ணாலை காணுமட்டும் வாங்கோ. மழையெண்டும் சொல்லக்கூடாது, மீற்றிங் எண்டும் சொல்லக்கூடாது."

இருபத்தொரு வருடத்தில் ஒரு தாயும் ஜெசிதாவிடம் இப்படிக் கதைத்ததில்லை. முதல் நாளே யாராவது கதைத்திருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"வருவன்" என்றார்.

"அப்ப இருங்கோ. அவன் பாத்துக்கொண்டு இருக்கிறான்."

ஜெசிதா செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளையின் முகத்துக்கு நேரே பாயில் இருந்தார்.